கையை எடுங்க மாப்ளே

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் மனைவியின் அண்ணனைக் கண்டாலே ஆகாது. அண்ணனுக்கும் இவனைக் கண்டால் ஆகாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் அவர்களை ஒரே வரிசையில் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்வார்கள்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, தன்னைத் தவிர இந்த உலகத்தில் ஒருவருக்கும் எதையும் ஓட்டத் தெரியாது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். தங்கை அடுப்பில் பால் வைத்தால் "குறை, குறை" என்பார். மெக்கானிக் கதவைச் சாத்தினால் "மெதுவா மாப்ளே" என்பார். வாய்க்கு வாய் 'வாங்க மாப்ளே, போங்க மாப்ளே'தான். ஆனால் அந்த 'ங்க' ஒவ்வொன்றும் காலில் குத்துகிற கல் மாதிரி இருக்கும்.

ஒருநாள் ஓர் உயரமான குடியிருப்பின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் அறையில் மெக்கானிக் வேலையாக இருந்தான். சக்கரத்தில் ஏதோ கரகரப்பு. காற்று வாங்க மொட்டைமாடிக்கு வந்தவன், தன் கண்மட்டத்துக்குக் கீழே ஒரு சிவப்பு விமானம் பறப்பதைப் பார்த்தான். மூடிக்கிடந்த தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியை அது வட்டமடித்துக்கொண்டிருந்தது. திரும்பும்போது ஒருபக்கமாகப் படுத்தது. அப்போது இறக்கையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெயில் வழுக்கிக்கொண்டு போனது. இருட்டுக் குழிகளிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் காலம் தள்ளுகிறவனுக்கு அதைப் பார்த்ததும் பசி மறந்துவிட்டது. கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த வெளிக்குப் போனான்.

அங்கே கழுத்தில் ரிமோட்டை மாட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றவர் மாஸ்டர்!

வீட்டில் இதைப் பற்றி அவர் மூச்சு விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் 'கிளாஸ் இருக்கு' என்று அவர் கிளம்பிப் போவது இதற்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க எங்க மாப்ளே இங்க?" என்றார், பார்வையைக் கீழே இறக்காமல்.

"மேல இருந்து பார்த்தேன் மச்சான். உங்களுதா இது?"

"பின்ன யாரோடது?"

"நானும் கத்துக்கலாமா?"

மாஸ்டர் விமானத்தைத் தரையிறக்கினார். அது பூ விழுவதுபோல் இறங்கியது. அதை மெக்கானிக்கால்கூட மறுக்க முடியவில்லை. பிறகு நிதானமாகத் திரும்பி, அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"லிஃப்டுக்கு மேல தெரியும், கீழ தெரியும். அத்தோட முடிஞ்சுது. இதுக்கு இடம் வலம் தெரியணும், காத்து தெரியணும், பொறுமை வேணும். உங்களுக்கெல்லாம் வராது மாப்ளே."

வேறு எது சொல்லியிருந்தாலும் மெக்கானிக் திரும்பிப் போயிருப்பான். அந்த 'வராது'தான் அவனைப் பிடித்துக்கொண்டது.

வீட்டின் சின்ன அறை பட்டறையானது. தக்கை மாதிரி எடையில்லாத பால்சா மரத்தகடுகள் வந்தன. இறக்கைக்குள் இருக்கும் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டினான். அறை முழுக்கப் பசை நெடி. மேலே போர்த்தும் பிளாஸ்டிக் உறையைச் சூடுபடுத்தி இழுத்து ஒட்ட வேண்டும். அதற்கு மனைவியின் இஸ்திரிப் பெட்டியைக் கேட்காமல் எடுத்தான். மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதே பெட்டியைத் தன் வெள்ளைக் கோட்டின் மேல் வைக்க, முதுகில் நீலமாக ஒரு திட்டு அப்பிக்கொண்டது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள்.

"நான் ஊசி குத்தப் போறேனா, பெயின்ட் அடிக்கப் போறேனா?" என்று கோட்டைத் தூக்கிக் காட்டினாள். "அங்க அவரு, இங்க நீங்க. என் தலையெழுத்து, ரெண்டு பக்கமும் பிளேன்."

"அவரு மாதிரி இல்ல நான்."

"ஆமா, அவரு இஸ்திரிப் பெட்டியையாவது விட்டு வச்சாரு."

விமானம் நன்றாகவே வந்தது. நீல உடம்பு, வெள்ளை இறக்கை. ஆனால் அதைப் பறக்கவிட, அந்த வெட்டவெளி மைதானத்தில் கூடும் விமானக் கிளப்பில் ஒரு விதி இருந்தது. புதிதாக வருபவர் பயிற்சியாளரோடுதான் பறக்கவிட வேண்டும். 'இவர் தனியாக ஓட்டலாம்' என்று பயிற்சியாளர் சொல்லும்வரை விடுதலை இல்லை. அங்கே இருந்த ஒரே பயிற்சியாளர் மாஸ்டர்.

பயிற்சி என்பது இரண்டு ரிமோட்டுகளை ஒரு வயரால் இணைத்துச் செய்வது. விமானம் கேட்பது மாஸ்டர் கையில் இருக்கும் ரிமோட்டின் பேச்சைத்தான். அதில் ஒரு விசை உண்டு. அதை அவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரை கற்றுக்கொள்பவரின் குச்சிகள் வேலை செய்யும். விட்டால், அடுத்த நொடி எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். மாஸ்டருக்காகவே யாரோ கண்டுபிடித்தது போன்ற ஏற்பாடு.

வீட்டு மரியாதையெல்லாம் மைதானத்தின் வேலியோடு நின்றுவிட்டது. "ஏய், மூக்கைத் தூக்கு! தூக்குன்னா இவ்வளவா? விடு. கையை எடு!" இவன் நேராகத்தான் கொண்டுவருவான். இறங்குவதற்குச் சற்று முன்னால் விசையை விட்டுவிட்டு அவரே இறக்குவார். இறக்கிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் மட்டும் இல்லன்னா இன்னிக்கு இது குப்பை" என்பார். பேக்கரி வைத்திருப்பவர் ஒருவர் கிளப்பில் இருந்தார். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒருமுறை மனைவியும் வந்திருந்தாள். அவள் எதிரில் மட்டும் மாஸ்டர் "கையை எடுங்க மாப்ளே" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

கோடை போய் மழை வந்து, மழையும் விட்டுவிட்டது. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் தனியாகப் பறக்கவிட ஆரம்பித்துவிட்டார்கள். மெக்கானிக் மட்டும் வயரோடு நின்றான்.

"எப்ப மச்சான் எனக்கு?" என்று கேட்டான்.

"அவசரப்பட்டா ஆளுங்க தலையில விழும். உங்களுக்கு இன்னும் கை வரல."

"எனக்குக் கை வரலையா, உங்களுக்கு மனசு வரலையா?"

"வேலியைத் தாண்டிப் போய்ப் பேசுங்க மாப்ளே. இங்க நான் மாஸ்டர்."

அன்றைக்கே மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்தான். ஊருக்கு வெளியே கட்டடம் கட்டுவதற்காகச் சமப்படுத்தி, கட்டாமலே விட்ட ஒரு மனை இருந்தது. விமானத்துக்குள் இருந்த, மாஸ்டரின் ரிமோட்டோடு ஜோடி சேர்ந்த ரிசீவரைக் கழற்றிவிட்டு, தன் ரிமோட்டோடு ஜோடி சேர்த்த வேறொரு ரிசீவரை மாட்டினான். இப்போது அது இவன் பேச்சை மட்டும் கேட்கும். வேலைக்குப் போகும் முன் தினமும் அங்கே போனான். முதலில் புதரில் செருகினான். பிறகு ஒரு சக்கரத்தை முறித்தான். அதற்கப்புறம் எதுவும் உடையவில்லை. கத்துவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாதபோது அவன் கை தானாக நிதானத்துக்கு வந்தது. எதிர்க்காற்றில் எவ்வளவு மூக்கைத் தூக்க வேண்டும், எப்போது மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் விரலுக்கே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை இரவு மறுபடியும் பழைய ரிசீவரையே மாற்றி மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாதவன்போல் போய்த் திட்டு வாங்கிக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாற்றாமலே எடுத்துக்கொண்டு போனான்.

அன்று நல்ல கூட்டம். மனைவியும் தன் அண்ணனின் காரிலேயே வந்திருந்தாள். நிழலுக்காக நட்டிருந்த பெரிய குடையின் கீழ் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டரம்மா. அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் வயரைத் தன் ரிமோட்டில் செருகுவதுபோல் செருகி, உள்ளே போகாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான். மாஸ்டர் பேக்கரிக்காரரிடம் ஏதோ கதையளந்துகொண்டே, "எல்லாம் செக் பண்ணியாச்சா?" என்றார்.

"ஆச்சு மச்சான்."

பயிற்சியாளர் தானும் ஒருமுறை குச்சியை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இவன் விமானம்தானே என்று விட்டுவிட்டார்.

நீல விமானம் ஏறியது. மாஸ்டர் விசையைப் பிடித்தபடி வழக்கம்போல் வறுத்தெடுத்தார். இரண்டு சுற்று முடிந்து, அது இறங்குவதற்கு நேராக வந்தது. அன்று காற்றே இல்லை.

"பார், மறுபடியும் கோணல். விடுங்க, விடுங்க! கையை எடுங்கங்கறேன்!" விசையை விட்டார். தன் குச்சிகளைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் கையை எடுக்கவில்லை. ரிமோட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வெறும் விரல் நுனியால் இறக்கினான். சக்கரங்கள் புல்லைத் தொட்டதே தெரியவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்து. "கடைசி நிமிஷத்துல நான் எடுத்ததால பிழைச்சுது. இதைத்தான் இத்தனை மாசமா சொல்றேன், இவருக்கு லேண்டிங் வரவே வராது."

மெக்கானிக் வயரின் நுனியைத் தூக்கிப் பிடித்தான். அது எதிலும் செருகப்படாமல் காற்றில் ஆடியது.

"எடுத்தது நீங்களா மச்சான்? இப்ப கொஞ்சம் நகர்த்திக் காட்டுங்க."

மாஸ்டர் குச்சியை ஆட்டினார். விமானம் கல்லாய் நின்றது. இன்னும் வேகமாக ஆட்டினார். மெக்கானிக் ஒரு விரலை அசைத்தான். நீல விமானம் குடுகுடுவென்று உருண்டு வந்து மாஸ்டரின் ஷூவுக்கு முன்னால் நின்றது.

பேக்கரிக்காரர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. வரிசையாக எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. மெக்கானிக் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பாக எதையும் சாப்பிட்டதில்லை.

சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவன் மனைவி. இன்னொருவர் பல் டாக்டரம்மா. அவர் எழுந்து வந்தார்.

"பெரிய சாமர்த்தியம்னு நினைப்பா? நடுவுல உங்களுக்குக் கை நடுங்கியிருந்தா யாரு எடுத்திருப்பா? அவரு எடுத்துடுவார்னு நம்பித்தானே நாங்க எல்லாரும் இங்க உக்காந்திருந்தோம்? மூணு மாசம் நீங்க ரிமோட்டைத் தொடக்கூடாது." அதே மூச்சில் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான் மாஸ்டர். செக் பண்ணாம எப்படி ஏத்தவிட்டீங்க? இது உங்க வேலை இல்லையா?"

அந்த இரண்டாவது கேள்விதான் மாஸ்டரைச் சுட்டது. நேராகத் தன் காருக்குப் போனார். டிக்கியைத் திறந்தார். அவருடைய பெரிய சிவப்பு விமானத்தை எடுத்தார். அது பெட்ரோல் எஞ்சின் வைத்தது. இறக்கை அவர் உயரத்துக்கு இருக்கும். விறுவிறுவென்று இறக்கையை மாட்டினார், எஞ்சினை முடுக்கினார். ஒரு கை திருகாணியைத் தவறவிட்டது, புல்லில் தேடி எடுத்துப் போட்டார். 'யாருக்கு ஓட்ட வரும், யாருக்கு வராது, இப்போது பாருங்கள்' என்பது அவர் முதுகிலேயே எழுதியிருந்தது.

அவருடைய ரிமோட் ஒன்றுதான். அதற்குள் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி அமைப்பு சேர்த்து வைத்திருப்பார். எதை ஓட்டுகிறாரோ அதன் அமைப்பைத் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். கோபத்தில் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அதில் இன்னும் மெக்கானிக்கின் நீல விமானத்துக்கான அமைப்பே இருந்தது. அந்த அமைப்பில் சிவப்பு விமானத்துக்கு இடம் வலம் தலைகீழாகிவிடும்.

மெக்கானிக்குக்கு அது அப்போது தெரியாது. அவன் பார்த்தது வேறு. சிவப்பு விமானம் ஓடுபாதைக்கு உருண்டு போகும்போது மாஸ்டர் குச்சியை வலப்பக்கம் அசைத்தார். வலது இறக்கையின் விளிம்பில் இருக்கும் மடல் மேலே எழ வேண்டும். அது கீழே இறங்கியது. இடப்பக்கம் அசைத்தார். அதுவும் தலைகீழ்.

ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. அவர் வலம் என்றால் அது இடம் போகும். ஏறியவுடன் கவிழ்ந்துவிடும்.

வாயைத் திறக்க நேரம் இருந்தது. விமானம் பாதையின் கோடிவரை போய், மெதுவாகத் திரும்பி, அங்கே நின்று எஞ்சினை உறுமிக்கொண்டிருந்தது. கத்தினால் சத்தத்தில் கேட்காது என்றால் கையைத் தூக்கியிருக்கலாம். நாலு எட்டு நடந்து போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். 'நான் சொன்னால் மட்டும் கேட்கவா போகிறார்' என்று முதலில் நினைத்தான். அடுத்து, 'விழட்டுமே' என்று நினைத்தான்.

சிவப்பு விமானம் ஓடி எழும்பியது. எழும்பியதும் இடது இறக்கை கொஞ்சம் சாய்ந்தது. மாஸ்டர் நிமிர்த்துவதற்காக வலம் கொடுத்தார். அது இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. மேலும் கொடுத்தார். விமானம் புரண்டு, வயிற்றை வானத்துக்குக் காட்டி, முழு வேகத்தோடு ஆட்கள் இருக்கும் பக்கம் திரும்பியது.

"ஓடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் சரிந்தன. விமானத்தின் இறக்கை குடைக் கம்பத்தில் மோதி முறிந்தது. உடம்பு அப்படியே மேசையைத் தூக்கி வீசிவிட்டுப் புல்லில் குத்தி நின்றது. கம்பமும் மேசையும் மெக்கானிக்கின் மனைவி மேல் விழுந்தன.

அவன் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாஸ்டர் ஓட்டினார். பின்சீட்டில் மெக்கானிக்கும் அவளும்.

"உன் குரங்குச் சேட்டையால வந்தது!" என்று மாஸ்டர் கண்ணாடியில் பார்த்துக் கத்தினார். "என்னை வெறியேத்தினது யாரு?"

"செக் பண்ணாம ஏத்தினது யாரு?"

"என் ரிமோட்டுல நீ என்னத்தைப் பண்ணி வச்ச?"

"நான் உங்க ரிமோட்டைத் தொடக்கூட இல்ல!"

"ரெண்டு பேரும் வாயை மூடுறீங்களா, இல்ல நான் கதவைத் திறந்து குதிக்கட்டுமா?" என்றாள் அவள். அதற்கப்புறம் கார் இண்டிகேட்டரின் சத்தம் மட்டும் கேட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு எலும்பிலும் முறிவு. கட்டுப் போடுவதற்காகக் காத்திருந்தபோது மாஸ்டர் வண்டியைச் சரியாக நிறுத்தப் போனார். அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"என்ன தெரிஞ்சிருக்கு?"

"நான் பிளேனைப் பார்க்கல. உங்க மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருந்தேன். அண்ணனை அசிங்கப்படுத்திட்டு எப்படி நிக்கிறீங்கன்னு பார்த்தேன். அது கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு மாதிரி தலையைச் சாய்ச்சீங்க. நம்ம வீட்டு ஃபேன்ல கோளாறு கண்டுபிடிக்கும்போது சாய்ப்பீங்களே, அப்படி. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டீங்க."

"வலியில என்னென்னமோ பேசற."

அவள் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து வாயில் இருந்த 'ங்க' அந்த நொடியில் கழன்று விழுந்தது.

"பொய் சொல்லாத. அண்ணன் வர்றாரு, தள்ளி உக்காரு."

அதற்குப் பின் வந்த வாரங்களில் அந்த வீட்டில் நெருப்பில்லாமலே புகைந்தது. அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை. கூட வேலை பார்க்கும் சிநேகிதி வந்து பின்னிவிட்டுப் போவாள். மெக்கானிக் சீப்பை எடுத்தால் அவள் எழுந்து வேறு அறைக்குப் போவாள். மாஸ்டர் தினமும் காலையில் வந்துவிடுவார். அடுப்படியில் மச்சானும் மாப்பிள்ளையும் முதுகைக் காட்டி நிற்பார்கள். ஒருவர் அரிசி கழுவினால் இன்னொருவர் அதை மறுபடி கழுவுவார்.

"தண்ணி அதிகம் மாப்ளே."

"எங்க வீட்டுப் பானை எனக்குத் தெரியும் மச்சான்."

"தெரிஞ்ச லட்சணம்தான் பார்த்தேனே."

சோறு குழைந்தாலும் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். இடது கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு, இருவரில் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டு முடிப்பாள்.

இதற்கிடையில் மாஸ்டர் கிளப்பில் ஒரு புகார் கொடுத்தார். மெக்கானிக் திட்டமிட்டுத் தன் ரிமோட்டில் கை வைத்துவிட்டான், அதனால்தான் விமானம் தலைகீழாக வேலை செய்தது என்று. டாக்டரம்மா இருவரையும் தன் கிளினிக்குக்கு வரச் சொன்னார். நோயாளிகள் போன பிறகு, காத்திருக்கும் அறையில் கிளப் ஆட்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். சுவரில் சொத்தைப் பல் படங்கள். மாஸ்டர் எழுந்து நின்று பேசினார். வயரைக் கழற்றி எல்லோரையும் ஏமாற்றியவன் இதையும் செய்யமாட்டானா என்று கேட்டார். பேக்கரிக்காரர்கூடத் தலையாட்டினார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நான் தொடல" என்றான் மெக்கானிக். "ரிமோட்ல என் பிளேனோட செட்டிங்கே இருந்திருக்கும். மாத்த மறந்துட்டாரு. இப்ப வேணா போட்டுப் பாருங்க."

"அதான் நடந்துதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். யூகம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது அதுதான். ஆனால் தலை பின்னிக்கொள்ள முடியாமல், யாரோ ஒருத்தி வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முதுகு நினைவுக்கு வந்தது.

"நான் பார்த்தேன்" என்றான். "உருண்டு போகும்போதே பார்த்தேன். அவரு வலது கொடுத்தா மடல் கீழ போச்சு. கவிழும்னு தெரியும். சொல்ல நேரமும் இருந்துது. சொல்லல."

உள்ளே ஏதோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க பொண்டாட்டி அங்க உக்காந்திருந்தா" என்றார் டாக்டரம்மா மெல்ல.

"தெரியும்."

அன்றைக்குப் பிறகு யாரும் தொடாமல் மாஸ்டர் கொண்டுவந்திருந்த ரிமோட்டைப் போட்டுத் திரையைப் பார்த்தார்கள். அவன் சொன்னபடியேதான் இருந்தது. மாஸ்டரின் புகார் தள்ளுபடி ஆனது. பயிற்சியாளர் பொறுப்பும் கையோடு போனது. மெக்கானிக் ஒரு வருஷத்துக்கு மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு வந்தால் சனிக்கிழமை மட்டும். இருவரும் ஒரே நாளில் அங்கே கால் வைக்கக்கூடாது.

மாடிப்படியில் மாஸ்டர் அவனுக்காக நின்றுகொண்டிருந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று மெக்கானிக் நினைத்தான்.

"உன் பிளேன் அப்படி ஓடியிருந்து, நான் பார்த்திருந்தா, நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்" என்றார் மாஸ்டர்.

மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினான்.

"அதுக்காக உன்னைச் சும்மா விட்டுடுவேன்னு நினைக்காத. அவ என் தங்கச்சி."

"என் பொண்டாட்டி."

"அது உனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். சொன்னால் கொஞ்சம் இளகுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முழுவதையும் கேட்டாள்.

"நான் கேட்டப்ப பொய் சொன்ன. பல் டாக்டர் கேட்டதும் உண்மை வந்துடுச்சு" என்றாள். "போ. போய் அரிசியை ஊற வை."

கட்டுப் பிரித்தபோது கை மெலிந்து, மணிக்கட்டு மடங்க மறுத்தது. நாளாக நாளாகக் கொஞ்சம் வழிக்கு வந்தது. ஆனால் ஊசி பிடிக்கும்போது விரல்கள் மரத்துப்போயின. கை பழகிய பிறகு வந்தால் போதும் என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் ஒரு பை நிறைய ஊசிகளும் குழாய்களும் பஞ்சும் வாங்கி வந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் வந்ததும் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கத்திலும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க ரெண்டு பேரும். சட்டைக் கையைச் சுருட்டுங்க."

"எதுக்கும்மா?" என்றார் மாஸ்டர்.

"எனக்குக் கை பழகணும். வேற யாரு கையில போய்க் குத்தச் சொல்ற?"

மாஸ்டர் தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மெக்கானிக் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தான். அவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தட்டினாள், குத்தினாள். தவறிவிட்டது. வெளியே எடுத்து மறுபடி குத்தினாள். நரம்பு வழுக்கியது. ஊசி நுனி உள்ளே துழாவியது. மெக்கானிக்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரில் மாஸ்டர் வைத்த கண் வாங்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். மாஸ்டரின் முறை வந்தபோது இவன் பார்த்தான். அவரும் முனகவில்லை.

ஐந்தாறு தடவைக்குப் பிறகு குழாயில் ரத்தம் ஏறியது. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சின்னத் தெளிவு வந்தது. இருவர் கையிலும் அவளே பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடணும்" என்றாள். "இடது கையை நீட்டுங்க நாளைக்கு."

இருவரும் முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.